பந்து விழும் இடம்

அவர் என்னோடு பேசிய முதல் சொல் ‘டா’.

எனக்கு அப்போது ஜெர்மன் மொழி பிடிபடவில்லை. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னை ‘டா’ போட்டுக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கோபம் வந்தது. ஜெர்மனில் அதற்கு ‘அங்கே’ என்று அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எசன் நகருக்குப் பக்கத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டுப்போன ஒரு சின்ன ஊரின் அகதிகள் விடுதியில் இருந்தேன். விடுதிக்குப் பின்னால் ஒரு புல்வெளி. ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் எல்லோரும் சேர்ந்து அங்கே ரெனிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவோம். அன்று வேலியோரத்தில், வெளிறிய நீலத் தொப்பி போட்ட ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லைப் பக்கம் நின்றிருந்தேன். பந்து போடுபவன் ஓடத் தொடங்குவதற்கு முன்னரே அவர் கையை நீட்டி எனக்கு இடப்பக்கமாகப் புல்லில் ஓர் இடத்தைக் காட்டினார்.

“டா.”

நான் அசையவில்லை. அடித்த பந்து சரியாக அந்த இடத்தில் விழுந்தது. அடுத்த பந்துக்கு வேறோர் இடத்தைக் காட்டினார். அங்கேயும் விழுந்தது. அதற்கடுத்த முறை, பார்ப்போமே என்று அவர் காட்டிய இடத்தில் போய் நின்றேன். காலைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. பந்து வானத்திலிருந்து இறங்கி என் கைக்குள் வந்து உட்கார்ந்தது. அடித்தவன் மட்டையை ஊன்றிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஆட்டம் முடிந்ததும் கிட்ட வந்து என் வலது தோளைப் பிடித்துப் பார்த்தார், சந்தையில் மாடு பார்ப்பதுபோல. “நல்ல கை. வியாழக்கிழமை வா” என்றார், இம்முறை ஆங்கிலத்தில். அப்படித்தான் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடமொன்றின் கிரிக்கெட் அணியில் ஆடிய நான், ஜெர்மனியில் ஒரு பேஸ்போல் கழகத்துக்கு ஆட்டக்காரனானேன்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை; நானும் இங்கே எழுதப்போவதில்லை. அந்த விளையாட்டில் பயிற்சியாளரை மனேச்சர் என்பார்கள். அவர் எல்லோருக்கும் மனேச்சர். அவரும் எங்களைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார், நிற்கிற இடத்தைச் சொல்லித்தான் அழைப்பார். மைதானத்தின் இடது கோடியில் நின்ற நான் ‘லெஃப்ட்’. விக்கெட் காப்பாளர்போல முகமூடி போட்டுக் குந்தியிருந்த டீட்டர் ‘கேச்சர்’. டீட்டர் ஒரு பேக்கரிக்காரன், அணித் தலைவனும் அவன்தான்.

மனேச்சர் அமெரிக்கர். பத்தொன்பது வயதில் தென் மாநிலமொன்றின் பருத்தி ஆலை ஊரில் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடத் தொடங்கியவர். பந்து பிடிக்கும் கையுறை இன்னும் மெல்லிசாக இருந்த காலம் அது. அவருடைய விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வளைந்து இஞ்சிக் கிழங்குபோல இருந்தன. வளைந்து வருகிற பந்தை அவரால் அடிக்க முடியவில்லை. அதனால் பெரிய மைதானங்களுக்கு அவரை யாரும் எடுக்கவில்லை. ஆனால் அவர் நிற்கச் சொல்லுகிற இடத்துக்குப் பந்து வருகிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். அதனால் ஆடுகிற வயது முடிய முன்னரே மனேச்சர் ஆகிவிட்டார். சின்னச் சின்ன ஊர்கள், பழைய பஸ்கள், ஒவ்வோர் ஊரிலும் ஓர் அணி. எங்கே போனாலும் முதல் கோடையில் தோளில் தூக்கிக்கொண்டாடினார்கள். இரண்டாவது கோடையிலோ மூன்றாவதிலோ அனுப்பிவிட்டார்கள். அப்படி ஊர் ஊராகத் தேய்ந்து, கடைசியில் அமெரிக்கப் படை முகாமொன்றில் சிப்பாய்களின் விளையாட்டைக் கவனிக்கும் வேலைக்கு ஜெர்மனிக்கு வந்தார். இங்கே ஒரு பெண்ணைக் கட்டினார். மனைவி இறந்துபோன பிறகும் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் சம்பளம் கொடுத்து பேஸ்போல் மனேச்சர் வைத்த முதல் கழகம் எங்களுடையதுதான் என்று டீட்டர் பெருமையாகச் சொல்லுவான்.

ஆட்டத்தின்போது மனேச்சர் பந்தைப் பார்ப்பதேயில்லை. சூரியகாந்தி விதைகளைக் கடித்துத் தோலைத் துப்பியபடி புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று அந்த வளைந்த கை எழும்பும். “லெஃப்ட், டா!” நான் ஓடுவேன். பந்து வரும். ஒவ்வொரு முறையும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எதிரணிக்காரர்கள் அடிக்கப் போகுமுன் எங்கள் மனேச்சரின் கையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவ்வளவுக்கு வந்தது.

“எப்பிடித் தெரியும்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இழுக்கும்” என்றார். “அந்த இடம் இழுக்கும். உனக்குப் பல்லுக் கொதிக்கும்போது நாக்கு தானாக அங்கே போகுமல்லவா? அப்படி.”

அந்தப் பழக்கம் மைதானத்துக்கு வெளியிலும் அவரை விடவில்லை. ஒருநாள் மழைக்காகக் கழக அறையில் ஒதுங்கியிருந்தோம். டீட்டர் மூலையிலிருந்த கதிரையில் சாய்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். மனேச்சர் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து போய், ஒன்றும் சொல்லாமல், சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து எழுப்பினார். கோப்பி முழுக்க டீட்டரின் மடியில் கொட்டியது. “உமக்கு என்ன பைத்தியமா?” என்று அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே கூரையின் சாந்து பாளமாகப் பெயர்ந்து கதிரையில் விழுந்தது. கதிரையின் கை உடைந்தது. தூசு அடங்கியது. பிறகு டீட்டர் சிரித்தான். “பழைய கட்டடம், ஈரம் இறங்கியிருக்கு” என்றான். உதடு மட்டும் வெளுத்திருந்தது.

அன்றிலிருந்து நாங்கள் எங்காவது உட்காரும்போது எங்களையறியாமல் மனேச்சரின் முகத்தை ஒருமுறை பார்ப்போம். அவருக்கும் அது தெரிந்தது. வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பழகினார்.

வெளியூர் ஆட்டமொன்று முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தோம். மற்றவர்கள் அடுத்த பெட்டியில் பியர் குடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் அவருக்கு எதிரே இருந்தேன். எல்லா ஊரிலும் வென்று கொடுத்த மனிதரை ஏன் எல்லா ஊரிலும் அனுப்பினார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு பையன் இருந்தான்” என்றார். “பண்ணைக்காரரின் மகன். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். நடு மைதானத்தில் நிற்பான். அன்றைக்கு மேகம் எங்கேயோ தூரத்தில் இருந்தது, மழை இல்லை. கடைசிக் கட்டத்தில் ஓர் இடம் என்னை இழுத்தது. அதற்கு முன் எதுவும் அப்படி இழுத்ததில்லை. பந்துதான் என்று நினைத்தேன். அவனை அங்கே நிற்கச் சொன்னேன்.”

“பந்து வந்ததோ?”

“வந்தது. பிடித்தான். பிடித்ததைக் காட்ட கையைத் தூக்கினான். அப்போது மின்னல் வந்தது.”

ரயில் ஒரு பாலத்தைக் கடந்தது. அவர் அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்.

“நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பந்து கையுறைக்குள்ளேயே இருந்தது. அவன் விடவில்லை. லெஃப்ட், அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு இடம் மட்டும்தான் தெரியும். வருவது என்ன என்று தெரியாது.”

அதற்குப் பிறகு, ஏதாவது ஓர் இடம் அளவுக்கு மீறி இழுத்தால் அங்கே நிற்கும் ஆளை அவர் அகற்றிவிடுவாராம். வெறுமையான இடத்தில் பந்து விழும், ஆட்டம் தோற்கும், மனேச்சரை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

“நீங்கள் வெறுமையாக விட்ட இடங்களில் பிறகு ஏதாவது விழுந்ததா?”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். “சில இடங்களில்” என்றார்.

எங்கள் கழகத்தில் அது நடந்தது ஒரு செப்டெம்பர் மாதத்தில். வென்றால் மேல் பிரிவுக்குப் போய்விடுவோம். கழகம் தொடங்கிய நாளிலிருந்து எல்லோரும் காத்திருந்த ஆட்டம். கடைசிக் கட்டத்தில் நாங்கள் முன்னால் இருந்தோம். இன்னும் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். நான் இடது கோடியில் கையுறையைத் தட்டிக்கொண்டு நின்றேன். மனேச்சர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினார். பிறகு மைதானத்தைக் குறுக்கே கடந்து என்னை நோக்கி நடந்து வந்தார். அவ்வளவு தூரம் அவர் நடந்து வந்து நான் பார்த்ததில்லை. நெற்றி முழுக்க வியர்வை.

“போ. அந்தக் கோட்டுக்குப் போ” என்றார். மைதானத்தின் ஓரக்கோடு அது. அங்கே நின்றால் நான் ஆடுவதும் ஒன்றுதான், வீட்டில் இருப்பதும் ஒன்றுதான்.

“மனேச்சர், பந்து இங்கதான் வரும். நீங்கள் இப்ப என்னைப் பார்த்த விதத்திலேயே தெரியுது.”

“வரும். நீ போ.”

“தோற்றுப்போவோம்.”

என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் கெஞ்சல் இருந்தது. நான் போனேன். டீட்டர் முகமூடியைக் கழற்றி, “லெஃப்ட், திரும்பிப் போ!” என்று தொண்டை கிழியக் கத்தினான். அடுத்த பந்து உயரே எழும்பி, அவசரமில்லாமல், நான் விட்டுவந்த இடத்துக்கு இறங்கியது. யார் நின்றிருந்தாலும் பிடித்திருக்கலாம். நான் ஓடினேன். எட்டவில்லை. எதிரணி கொண்டாடியது. டீட்டர் முகமூடியை நிலத்தில் அறைந்தான். எங்கள் பக்கத்திலிருந்த பார்வையாளர்கள் மனேச்சரைப் பார்த்துக் கூவினார்கள். அவரோ அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. புல், வெயில், அவ்வளவுதான்.

அன்று மாலையே கழகக் குழு கூடி, மனேச்சரிடம் கழக அறையின் சாவியைத் திருப்பித் தரச் சொன்னது. அவர் ஏற்கெனவே சாவியை வளையத்திலிருந்து கழற்றி வைத்திருந்தார்.

சில நாள் கழித்து டீட்டர் எனக்குத் தொலைபேசி எடுத்தான். “மைதானத்துக்கு வா” என்றான். போனேன். இடது கோடியில் தீயணைப்புப் படையினர் நாடா கட்டியிருந்தார்கள். புல் தரை உள்ளே போயிருந்தது. ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு வட்டமாக ஒரு குழி. அந்தப் பக்கங்களில் அப்படி நடப்பதுண்டு. பழைய சுரங்கங்கள், வரைபடத்தில்கூட இல்லாதவை, அடியில் கிடக்கின்றன. எப்போதாவது மேல் மண் தாங்காமல் இறங்கிவிடும். ஒருவர் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கினார். விளக்கு போய்க்கொண்டேயிருந்தது. கடைசியில் கறுப்பாகத் தண்ணீர் மினுங்கியது.

“நீ நின்ற இடம்” என்றான் டீட்டர்.

நான் நாடாவைப் பிடித்துக்கொண்டேன். “மனேச்சரைத் திரும்பக் கூப்பிடுவீங்கள்தானே?” என்று கேட்டேன்.

டீட்டர் என்னைப் பார்க்காமல் தலையாட்டினான், இல்லை என்று. “இனி அவர் ‘அங்கே நில்’ என்று சொன்னால் எவன் போய் நிற்பான்? என் கால் போகாது. உன்னுடையது போகுமா?”

அமெரிக்க ஊர்களில் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோற்றதற்காக மட்டும் அவரை அனுப்பியிருக்கமாட்டார்கள்.

ஊர் சின்னது. கதை ஒரு கிழமைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. பஸ் தரிப்பிடத்தில் அவர் வந்து நின்றால் மற்றவர்கள் மெல்ல நகர்ந்து நின்றார்கள். பேக்கரியில் அவர் வரிசையில் நின்று தற்செயலாக நிலத்தைப் பார்த்தாலே முன்னால் நிற்பவர்கள் கலைந்துபோனார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் வரமுடியுமா என்று டீட்டரின் மனைவி தயவாகக் கேட்டார். அதற்குப் பிறகு மனேச்சர் பாண் வாங்கப் போகவேயில்லை. நான்தான் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதையெல்லாம் ஹம் நகரில் இருந்த என் அக்காவுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

அக்கா எனக்கு முதலே ஜெர்மனிக்கு வந்தவள். அவளுடைய புருசன், என் அத்தான், பிறகு எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் மூலமாக மொஸ்கோ வழியாக வெளிக்கிட்டார். போலந்திலிருந்து ஒருநாள் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, “நாளைக்கு ஆறு கடந்தால் ஜெர்மனி” என்றார். அதோடு சரி. வருடங்கள் போயின. விசாரிக்காத இடமில்லை. அக்கா இருந்த வீட்டின் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. ஆனாலும் வீடு மாற மறுத்துவிட்டாள். அத்தானிடம் இருந்தது அந்த விலாசமும் அந்தத் தொலைபேசி எண்ணும்தான்.

“தம்பி, அந்த மனிசனை ஒருக்கா இஞ்ச கூட்டிக்கொண்டு வாறியே?” என்று கேட்டாள்.

“அக்கா, அவர் குறி சொல்லுற சாத்திரி இல்லை.”

“எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு வா.”

கூட்டிக்கொண்டு போனேன். மனேச்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூச்சத்தோடு வந்தார். உறைப்புக் குறைத்து வைத்த மீன்குழம்புக்கே கண்ணீர் வழியச் சாப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் அக்கா மேசையைத் துடைத்துவிட்டு ஒரு வரைபடத்தை விரித்தாள். போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் ஆறு நீல நூலாக ஓடியது. அதன் பக்கத்தில் அத்தானின் படத்தை வைத்தாள்.

“எங்கே?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

அவர் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கவனமாக அதை அக்காவின் பக்கம் தள்ளினார். “மேடம், விழப்போகிற இடம்தான் எனக்குத் தெரியும். விழுந்துபோனதைத் தேட எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் என் மனைவி தொலைத்த மோதிரத்தைத் தேடியிருப்பேன்.”

அக்கா சிரித்துவிட்டாள். வரைபடத்தை மடித்தாள். அதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

போகிற நேரம், வாசலை ஒட்டிய ஒடுக்கமான நடையில் சப்பாத்து மாட்டக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே ஒரு சின்ன மேசையில் தொலைபேசி இருந்தது, பக்கத்தில் ஒரு முக்காலி. அவருடைய வளைந்த கை மெல்ல மேலே எழும்பியது. எனக்கு அந்தக் கை தெரியும்.

அவர் முக்காலியை எடுத்துக்கொண்டுபோய் அடுப்பிருந்த குசினியில் வைத்தார். “இங்கே உட்கார வேண்டாம், மேடம். இந்தப் பக்கம் நிற்கவும் வேண்டாம்.”

“ஏன்?”

“ஏதோ வருகிறது.”

“என்ன?”

“தெரியாது. பெரியது.”

அவரை ரயிலேற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது முக்காலி பழைய இடத்தில் இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, எழும்புங்கோ! அந்தாள் சொன்னது கேட்டனீங்கள்தானே? குழியைப் பற்றி நான் சொன்னனான்தானே?”

“கேட்டனான். இவ்வளவு நாளும் எங்க நிக்கிறது எண்டு தெரியாமல் நிண்டனான், தம்பி. இப்ப தெரியும்.”

“மின்னலெண்டால்? கூரையெண்டால்?”

“என்னவெண்டாலும் எனக்கு வாறதுதானே.”

அன்றிலிருந்து முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்ததும் அக்கா அந்த முக்காலியில் உட்காருவாள். அங்கேயே சாப்பிட்டாள். வெங்காயத்தை மடியில் வைத்து அங்கேயே உரித்தாள். எனக்குப் பொறுக்க ஏலாமல் மனேச்சரிடம் போய்ச் சொன்னேன். அவருடைய முகம் சாம்பலாகிவிட்டது. அடுத்த ரயிலிலேயே என்னோடு வந்தார். அக்காவின் முன்னால் நின்று, “மேடம், தயவுசெய்து” என்றார். அக்கா முடியாது என்றாள். கையைப் பிடிக்கப் போனார். “தொடாதேங்கோ” என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்கு விளங்கியது.

பிறகு அவர் அடிக்கடி வரத் தொடங்கினார். குசினியில் கதிரையைப் போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நடையைப் பார்த்தபடி இருப்பார். அக்கா முக்காலியில் இருப்பாள். நான் சனிக்கிழமைகளில் போகும்போதெல்லாம் அதே காட்சி. சுவரின் பூஞ்சணம் அக்காவின் தலைக்குப் பின்னால் மேகம்போலக் கிடக்கும். மேல்வீட்டில் யாராவது நடந்தால் மனேச்சர் கூரையைப் பார்ப்பார். மின்குமிழ் விட்டு விட்டு எரிந்தால் எழுந்து நிற்பார். அந்த வீட்டுக்குள் போவதற்கே எனக்குப் பயம் வந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம். நான் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். மனேச்சர் சட்டென்று எழுந்தார். கதிரை விழுந்தது. இரண்டு எட்டில் நடைக்குப் போய் அக்காவின் தோளைப் பிடித்து இழுத்தார். அக்கா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அசைய மறுத்தாள். “மேடம், இப்போது! இப்போது!” என்று கத்தினார். நான் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றேன், என்ன செய்வதென்று தெரியாமல்.

தொலைபேசி அடித்தது.

அக்கா அவருடைய கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு ரிசீவரைத் தூக்கினாள்.

மறுபக்கத்தில் ஓர் ஆண் குரல், தமிழ். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. “அக்கா, நான் பேர்லினிலயிருந்து கதைக்கிறன். நான் உங்கட மனுசனோட ஆறு கடந்தனான்.” அவன் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வந்து சேர வருடங்கள் எடுத்திருந்தன. அக்காவின் எண்ணைத் தேடிப்பிடிக்க மேலும் காலம் போயிருந்தது. நடு ஆற்றில் அத்தானின் கை விட்டுப் போய்விட்டது என்றான். கரையோரக் கிராமமொன்றில் ஜெர்மன்காரர்கள் உடலை எடுத்து அடக்கம் செய்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டானாம்.

“ஓம்” என்றாள் அக்கா. “ஓம்... கிராமத்தின்ர பேர் என்ன? ஓம்... நீர் அழாதையும், தம்பி. நீர் எடுத்துச் சொன்னதே பெரிய விசயம்.”

ரிசீவரை வைத்தாள். முக்காலியில் அப்படியே இருந்தாள். குசினியில் எண்ணெய் புகைந்தது. நான் போய் அடுப்பை நிறுத்தவில்லை. மனேச்சர் அவளுக்கு முன்னால் முழங்காலிட்டு அவளுடைய முகத்தையும் கைகளையும் பார்த்தார், எங்கேயாவது காயம் இருக்கிறதா என்பதுபோல. தமிழில் பேசியதால் அவருக்கு எதுவும் விளங்கியிருக்கவில்லை.

“வந்ததா?” என்று கேட்டார்.

“வந்தது.”

“வலிக்கிறதா?”

“ஓம்” என்று தமிழில் சொன்னாள். பிறகு ஜெர்மனில் மெதுவாகச் சொன்னாள்: “ஆனால் என் கையில்தான் வந்தது. யாரும் இல்லாத வீட்டில் அது அடித்துக்கொண்டிருக்கவில்லை.”

அதற்குப் பிறகுதான் அழுதாள். என்னைவிட முன்னதாக மனேச்சர் அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். எல்லா ஊர்களிலும் ஆட்களை இழுத்து அப்புறப்படுத்தியவர். அப்படியோர் இடத்தில் ஒருவர் இருந்து, அது வந்துபோன பிறகும் உயிரோடு இருப்பதை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

வசந்தத்தில் அந்தக் கிராமத்துக்குப் போனோம். மனேச்சர் தானும் வருவதாகச் சொன்னார். அக்கா மறுக்கவில்லை. கிராம அலுவலகத்தில், ஆற்றில் எடுத்த உடலிலிருந்த ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து வந்து காட்டினார்கள். அக்கா அதைப் பார்த்ததும் ஓமென்று தலையை ஆட்டினாள், வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை. இடுகாட்டின் ஆற்றுப்பக்க மூலையில், ‘அறியப்படாதவர்’ என்று எழுதிய மரப்பலகையோடு ஒரு மண்மேடு. யாரோ அதன்மேல் சின்ன நீலப் பூச்செடி நட்டிருந்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொண்டுபோன கற்பூரம் காற்றுக்கு நின்று எரியவில்லை. நான் கையால் மறைத்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது மனேச்சர் தூரத்தில், கல்லறைகளுக்கு நடுவே தனியாக நடந்துகொண்டிருந்தார். உள்ளங்கையை நிலத்தை நோக்கித் தாழ்த்திப் பிடித்திருந்தார், அடுப்பு அணைந்துவிட்டதா என்று பார்ப்பவர்போல. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்கு வந்தார். எனக்கு மறுபடியும் அந்தப் பழைய பயம் வந்தது. எழுந்து ஓடிப்போனேன்.

“என்ன, மனேச்சர்? ஏதாவது...?”

“ஒன்றுமில்லை” என்றார். வியப்பில் அவருடைய கண்கள் விரிந்திருந்தன. “எங்கேயும் ஒன்றுமில்லை, லெஃப்ட். இங்கே எல்லாம் ஏற்கெனவே வந்து முடிந்துவிட்டது.”

ஒரு மரத்தடிக்குப் போனார். தொப்பியைக் கழற்றி வேரில் வைத்தார். வெயில் விழுந்த புல்லில் உட்கார்ந்து, பிறகு சரிந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. வாய் திறந்து, வளைந்த விரல்கள் தளர்ந்து, பால் குடித்து முடித்த குழந்தைபோல அவர் தூங்கினார். மனைவி போனதிலிருந்து ஒழுங்காகத் தூங்கியதில்லை என்று எப்போதோ டீட்டரிடம் சொல்லியிருக்கிறார் என்பது, அவர் இறந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எழுப்பப் போனேன். அக்கா தன் சால்வையை எடுத்து அவர்மேல் போர்த்தினாள்.

“விடு, தம்பி” என்றாள். “அந்தாள் எழும்பினாப் பிறகு போவம்.”

நாங்கள் இருவரும் ஆற்றைப் பார்த்தபடி புல்லில் உட்கார்ந்து காத்திருந்தோம்.